ஆறு புள்ளி ஒன்பது ஆறு

காலை ஏழேகாலுக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்த லேப் அக்காவின் கண்ணில் முதலில் பட்டது, குப்பைக்குப் போகவேண்டிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டு. நேற்று மதியம் முட்டைகளைக் கழுவிய தட்டு அது. வேலை முடிந்த களைப்பில் தூக்கிப் போடாமல் மேசை ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் மிச்சமிருந்த கரைசல் வெளிறிய ஆரஞ்சும் ரோஸும் கலந்த நிறத்தில் இருக்கவேண்டும். இருக்கவில்லை. பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி ஊதாச் சிவப்பாகக் கிடந்தது.

"இதென்னடா கூத்து" என்று சாதாரணமாகத்தான் குனிந்தாள். குனிந்தவள் தட்டை இரண்டு கையாலும் தூக்கி விளக்கடியில் பிடித்து, மறுபடி மறுபடி பார்த்தாள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஒரு தட்டின் நிறத்துக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். அது பிள்ளையில்லாதவர்கள் வரும் ஒரு சின்ன மருத்துவமனை. மூன்றாம் மாடியில் ஜன்னலே இல்லாத இரண்டு அறைகள்தான் ஆய்வகம். பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த முட்டைக்குள் ஆணின் விந்தணுவை ஊசியால் செலுத்தி, இன்குபேட்டர் என்ற சூடான பெட்டிக்குள் நாலைந்து நாள் வளர்த்து, கருவான பிறகு கர்ப்பப்பைக்கு அனுப்பவேண்டும். அந்த நாலைந்து நாளும் அதற்குத் தாய், தகப்பன், வீடு, வாசல் எல்லாமே லேப் அக்காதான். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அந்த வேலைக்கு இரண்டு கரைசல்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே பாட்டில், ஒரே வெள்ளை மூடி. இரண்டிலும் பஃபர் உண்டு. அமிலம் வந்தால் அதை வாங்கிக்கொண்டு, காரம் வந்தால் அதற்கும் ஈடு கொடுத்து, தன் பி.எச்.ஐ, அதாவது அமிலகார அளவை, லேசில் விட்டுக்கொடுக்காமல் நிற்கிற சரக்குக்குப் பெயர்தான் பஃபர். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே பஃபர் இல்லை. இன்குபேட்டருக்குள் ஆறு சதவீதம் கரியமில வாயு நிரப்பியிருக்கும். உள்ளே வைக்கிற கரைசலின் பஃபர் அந்த வாயுவோடு சேர்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், வெளியே எடுத்து வைத்தால் வாயு பறந்துபோய்க் காரமேறி ஊதாவாகும். வெளியே மேசைமேல் முட்டையைக் கழுவுகிற கரைசலின் பஃபருக்கு அந்த வாயுவே ஆகாது, சாதாரணக் காற்றில் ஜம்மென்று இருக்கும், உள்ளே வைத்தால் அமிலமாகும். உள்பாட்டில், வெளிபாட்டில் என்று ஆய்வகத்தில் பேச்சு. அடையாளத்துக்கு லேப் அக்கா மூடியின் தலையில் நெயில் பாலிஷ் பொட்டு வைப்பாள். நீலம் உள்ளே, சிவப்பு வெளியே.

இப்போது புரிந்திருக்கும். வெளியே ஒரு வாரம் கிடந்தாலும் நிறம் மாறக்கூடாத வெளிக்கரைசல் ஒரு ராத்திரியில் ஊதாவாகியிருக்கிறது. அப்படியென்றால் அது வெளிக்கரைசலே இல்லை.

அப்படியென்றால் இன்குபேட்டருக்குள் இருப்பது எது?

ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்தாள். நீலப்பொட்டு மூடி இருந்த பாட்டிலைத் திருப்பி, கண்ணுக்கு நேரே பிடித்து, லேபிளின் பொடி எழுத்தை வாசித்தாள். வெளியே பயன்படுத்துவதற்கு மட்டும் என்று இருந்தது. சிவப்புப்பொட்டு மூடி இருந்த பாட்டிலை வாசித்தாள். இன்குபேட்டருக்குள் என்று இருந்தது. மறுபடி வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தாள்.

பதினோரு வருஷமாக அவள் மூடியைத்தான் வாசித்திருக்கிறாள். பொட்டு வைத்தபிறகு பாட்டிலை வாசிக்கவே இல்லை.

எப்போது நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் சாயங்காலம். பாதி செலவான பழைய பாட்டில்கள் இருந்தன. நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இந்த ஒருத்திக்காக, வேண்டாம், இவளுக்குப் புதுசையே உடைப்போம் என்று இரண்டு புதுப் பாட்டில்களை எடுத்தாள். மூடியில் பொட்டு வைத்தாள். பொட்டு காய்ந்ததும், சுத்தத்துக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டு மூடியையும் ஒன்றாகக் கழற்றி, பாட்டில் கழுத்தையும் ஸ்பிரிட் போட்டு ஒரு துடை துடைத்தாள். ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் திறக்கலாம் என்பது அவளே போட்ட சட்டம். பயிற்சிக்கு வந்துபோகிறவர்களை அதைச் சொல்லியே உயிரை எடுப்பாள். அன்றைக்கு அதிகப்படியான அக்கறையில் அந்தச் சட்டம் காற்றில் போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துடைத்தவள், மூடியை மாற்றி மாட்டிவிட்டாள். அக்கறை இல்லாமல் இருந்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது, அடக் கொடுமையே!

அந்த ஒருத்தி அவளுடைய நாத்தனார்.

லேபிளை அச்சடித்தவன் தப்பாக அடித்திருக்கலாம் இல்லையா? மனசு எதையெல்லாம் பிடித்துத் தொங்கும் பாருங்கள். ஒரு தட்டில் இரண்டு சொட்டு விட்டாள், இந்தப் பாட்டிலிலிருந்து ஒன்று, அந்தப் பாட்டிலிலிருந்து ஒன்று. காற்றில் வைத்துவிட்டு நின்றாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு சொட்டு ஊதாப் பக்கம் நகர்ந்தது, மற்றது அசையவில்லை. முகக்கவசத்தை இறக்கி, மெல்லிய குழாயை வாயில் வைத்து, நகர்ந்த சொட்டின்மேல் மெதுவாக ஊதினாள். நம் மூச்சிலும் கரியமில வாயு இருக்கிறதே. அவள் மூச்சு பட்டுப் பட்டு அந்த ஊதா கரைந்து, அழகாக, ஆரஞ்சு ரோஸுக்குத் திரும்பியது. லேபிளில் தப்பே இல்லை. அவள் வாயாலேயே அவள் தப்பை ஊதி நிரூபித்தாயிற்று.

இரண்டு பாட்டிலையும் மேசையில் தள்ளித் தள்ளி வைத்தாள்.

நாத்தனாருக்கு நாற்பத்தொரு வயசு. பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை, ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்ப விருந்தில், இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, லேப் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "முப்பத்தெட்டு ஆயிடுச்சு, இனிமே முட்டை குறைஞ்சுகிட்டே போகும், தள்ளிப் போடாம எங்க ஆஸ்பத்திரிக்கு வா" என்று சொன்னாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் தட்டோடு எழுந்த நாத்தனார், "என் வயித்தைப் பத்திப் பந்தியில பேச உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா? ரெண்டு பெத்துட்ட திமிரா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனவள், திரும்பி வரவில்லை. அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. எதிரில் பார்த்தால் இவளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவளும் திருப்பிக்கொள்வாள். இரண்டு பேரையும் ஒரே படத்தில் நிற்க வைக்க முடியாமல் குடும்பமே திண்டாடியது.

வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளில் பார்த்து, இரண்டு தரமும் ஒன்றும் தங்காமல், போன மாதம் அவளாகவே இங்கே வந்து நின்றாள். தையல்காரப் புருஷன் பின்னால் பையோடு நின்றார். "உங்க மேல எனக்கு இருக்கற கோவம் அப்படியேதான் இருக்கு. ஆனா இந்த டாக்டரை எனக்குத் தெரியாது, உங்களைத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சமாதானப் பேச்சு. ஸ்கேன் பார்த்த டாக்டர், இதுவே கடைசி, இதற்குமேல் முட்டை எடுக்க உடம்பில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். நேற்று எடுத்ததில் ஐந்து கிடைத்தன. மயக்கம் தெளிந்ததும் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "அஞ்சு பேரும் பத்திரமா இருக்காங்களா?"

அந்த ஐந்து பேரும் நேற்று மதியம் மேசைமேல் காரத்தில் குளித்து, பதினைந்து மணி நேரமாக அமிலத்தில் கிடக்கிறார்கள். ஒரு பக்கம் விழுந்த அடி போதாதென்று இரண்டு பக்கமும்.

இப்போதே எடுத்துச் சரியான கரைசலுக்கு மாற்றிவிடவேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் இன்னொரு இடி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உள்கரைசலில் வாயு ஏறியிருக்காது. அதில் போட்டால் அமிலத்திலிருந்து நேராகக் காரத்தில் தள்ளின மாதிரி, இருக்கிற உயிரும் போகும். வழக்கமாக, காயாமல் இருக்க மேலே எண்ணெய் மூடி, ஒரு ராத்திரி முழுக்க உள்ளே வைத்து வாயு ஏற்றுவாள். எண்ணெய் மூடாமல், தட்டின் குழியில் மெல்லிசாக ஊற்றி வைத்தால் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடும். அந்த முக்கால் மணி நேரமும் ஐந்து பேரும் அமிலத்திலேயே கிடக்கவேண்டும். வேறு வழி கிடையாது. நாலு குழியில் ஊற்றி, இன்னொரு இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து.

சும்மா நிற்க முடியவில்லை. ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தாள். எவ்வளவு அமிலம் என்றாவது தெரியட்டும். காலேஜில் மனப்பாடம் செய்த கணக்குதான். பைகார்பனேட் எவ்வளவோ, அதைக் கரைந்த வாயுவால் வகுத்து, லாக் எடுத்து, ஆறு புள்ளி ஒன்றோடு கூட்டினால் பி.எச். உள்கரைசலில் பைகார்பனேட் இருபத்தைந்து, வாயு ஒன்று புள்ளி மூன்று. ஏழு புள்ளி மூன்று எட்டு வந்தது. அதுதான் வரவேண்டிய எண், கருவுக்குப் பிடித்த எண். வெளிக்கரைசலில் பைகார்பனேட் வெறும் ஐந்து. ஐந்தை ஒன்று புள்ளி மூன்றால் வகுத்தாள். லாக் எடுத்தாள். கூட்டினாள்.

ஆறு புள்ளி ஆறு ஒன்பது.

"செத்தோம்" என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம்தான் தட்டியது, வெளிக்கரைசலில் இன்னொரு பஃபரும் இருக்கிறதே, அது சும்மாவா இருக்கும்? வாயு கொண்டுவருகிற அமிலத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளுமே. எவ்வளவு வாங்கும்? மூன்று என்று வைத்துப் பார்த்தாள், இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. நாலு என்று வைத்தாள், கிட்டே வந்தது. நாலு புள்ளி நாலு வைத்தபோது இரண்டும் சேர்ந்து நின்றன. ஆறு புள்ளி ஒன்பது ஆறு. அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஆறு புள்ளி ஒன்பது ஆறு. ஏதாவது ஒரு இடத்தில் தப்புப் போட்டிருக்கமாட்டோமா, ஏழுக்கு மேலே ஒரு எண் வராதா என்று மூன்றாவது தரமும் போட்டாள். கணக்குப் பரீட்சையில் ஒரு தரம்கூட முழு மார்க் வாங்காதவளுக்கு, அன்றைக்குப் பார்த்து ஒரு பிசகும் விழவில்லை.

ஏழுக்குக் கொஞ்சம் கீழே. செத்துத்தான் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. பிழைக்கும் என்று சொல்லவும் முடியாது.

பேனாவைக் கீழே வைத்ததும் அந்த இன்னொரு பயம் மெல்ல எழுந்து வந்தது. ஊர் என்ன சொல்லும்? மூன்று வருஷம் பேசாத அண்ணி. அவள் கையில் நாத்தனாரின் கடைசி முட்டை. எல்லோருக்கும் பழைய பாட்டில், இவளுக்கு மட்டும் புதுப் பாட்டில், இவளுக்கு மட்டும் மூடி மாறியது. யார் நம்புவார்கள்? நாத்தனாரின் அண்ணன், இவள் புருஷன், வாயைத் திறந்து கேட்கமாட்டார், அவர் சுபாவம் அப்படி. ஆனால் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். அதைவிட மோசம், அவளே தன் மனசை ஒரு மூலை விடாமல் துழாவ ஆரம்பித்ததுதான். பந்தியில் பட்ட அவமானம் எங்கேயாவது கைக்குள் ஒளிந்திருந்து மூடியை மாற்றி மாட்டியதா? தேடித் தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து நாளாக அந்த ஐந்து முட்டைக்காகத் தூக்கமில்லாமல் கிடந்ததுதான் கிடைத்தது. ஆனால் அதை யாரிடம் எடுத்துக் காட்ட முடியும்?

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரி அவருடையது. கரண்ட் போனாலும், தண்ணீர் நின்றாலும், நோயாளியின் மாமனார் சண்டைக்கு வந்தாலும் "சமாளிச்சுக்கலாம்" என்பார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சமாளி டாக்டர் என்று பெயர். கதவருகே நின்று முழுவதையும் கேட்டார். கணக்குப் போட்ட தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏழு புள்ளி மூணு எட்டு இருக்கணும். ஆறு புள்ளி ஒன்பது ஆறு இருக்கு. நூலளவு வித்தியாசத்துக்கா இப்படி உக்காந்திருக்கீங்க?"

"நூலளவு இல்ல டாக்டர். இது லாக் கணக்கு. ரெண்டரை மடங்குக்கு மேல அமிலம்."

"சரி. உள்ள பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கல. புதுக் கரைசல் தயாரானதும் வெளிய எடுத்து, பாத்த கையோட மாத்தணும். ரெண்டு தரம் வெளிய எடுத்தா தாங்காது."

அவர் தாளை நாலாக மடித்தார். "அந்தம்மாவுக்கு நாப்பத்தொண்ணு. இந்த வயசுல அஞ்சு முட்டையில ஒண்ணு ரெண்டு கருவானாலே பெரிய விஷயம். எல்லாம் ஒழுங்கா நடந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும், ஒத்துக்கறீங்களா இல்லையா?"

"ஆகியிருக்கலாம்."

"அப்ப எத்தனை வருதோ அந்த எண்ணைச் சொல்லுங்க. அதுல பொய் எங்க இருக்கு? பாட்டில், மூடி, இந்தக் கதையெல்லாம் எதுக்கு? வெளிய தெரிஞ்சா உங்க வேலை மட்டுமா போகும்? இந்தக் கட்டடத்துல இருக்கற முப்பது பேர் வேலையும் போகும்." குரல் கடுமையாக இல்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை, பயந்த மனிதர். "சமாளிச்சுக்கலாம், விடுங்க" என்று தாளைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

எட்டு இருபதுக்குப் புதுக் குழிகளில் நிறம் வந்துவிட்டது. லேப் அக்கா ஐந்து பேரும் இருந்த தட்டை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். கருவாகியிருந்தால் முட்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம் தெரியும். ஒன்று தாயுடையது, ஒன்று தகப்பனுடையது.

முதல் முட்டை கறுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை, நேற்று வைத்த மாதிரியே வெறுமனே இருந்தது. நாலாவதில் ஒரே ஒரு வட்டம், அதனால் பிரயோஜனமில்லை. ஐந்தாவதைத் தேடிக் கண்ணாடியை நகர்த்தும்போது அவளுக்குப் பார்வையே மங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு வட்டம். லேசாக மங்கலாக, ஓரத்தில் கொஞ்சம் பொடிப்பொடியாக, ஆனால் இரண்டு. சந்தேகமே இல்லாமல் இரண்டு.

"இரு, இரு, இரு" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே உறிஞ்சுகுழாயில் எடுத்து, ஒரு குழியில் அலசி, அடுத்த குழியில் அலசி, மூன்றாவது குழியில் விட்டு இன்குபேட்டரை மூடினாள். மூடிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிழைக்குமா? நாளைக் காலை அது இரண்டாகப் பிரியவேண்டும். அதற்கு மறுநாள் நாலாக. அமிலத்தில் அடிபட்ட முட்டை பாதி வழியில் நின்றுபோவதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

வாசலில் இருந்த நர்ஸ் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். "அக்கா, உங்க நாத்தனார் வந்துட்டாங்க. ஒன்பது மணிக்கு வரச் சொன்னோம், எட்டுக்கே வந்து உக்காந்திருக்காங்க. கேள்வி கேட்டே என் உசிரை வாங்கறாங்க."

நடைபாதை முடிவில் இருக்கும் சின்ன அறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். தையல்காரர் மடியில் பையை வைத்துக்கொண்டு ஒன்றில் இருந்தார். நாத்தனார் உட்காரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை அகட்டி நின்றிருந்தாள்.

"அஞ்சு பேரும் நல்லாத் தூங்கினாங்களா அண்ணி?"

லேப் அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணுதான்."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான் கருவாகியிருக்கு. மத்த நாலும் போச்சு."

நாத்தனார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, முன்னால் வந்து லேப் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல் தரம் பிடிக்கிறாள்.

"ஒண்ணு போதுமே. எனக்கென்ன பஸ் நிறையவா புள்ள வேணும்? ஒண்ணே ஒண்ணு போதும். நீங்க எதுக்கு இப்படி இடிஞ்சு போயிருக்கீங்க? மூஞ்சியைப் பாருங்க, பேயடிச்ச மாதிரி. ராத்திரி தூங்கலையா?" திரும்பிப் புருஷனிடம், "பாருங்க, என்னைவிட இவங்களுக்குத்தான் அதிகமா வலிக்குது. நான்தான் சும்மா மூணு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுகிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "போதும் அண்ணி. நடந்ததெல்லாம் விட்டுடலாம்."

இதைவிடக் கொடுமை உண்டா சொல்லுங்கள்! திட்டியிருந்தால் லேப் அக்கா தாங்கியிருப்பாள். இந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அழுதுவிட்டால் போதும். நாத்தனார் திரும்பக் கிடைத்துவிடுவாள். வேலை தப்பும், டாக்டர் தப்புவார், வீட்டில் எல்லோரும் ஒரே படத்தில் நிற்பார்கள். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அந்தக் கையின் சூடு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"நான்தான் பண்ணேன்" என்றாள்.

"என்ன பண்ணீங்க?"

"ரெண்டு பாட்டில் இருக்கு. உள்ள வைக்கறது ஒண்ணு, வெளிய கழுவறது ஒண்ணு. நான் மூடியை மாத்தி மாட்டிட்டேன். கழுவவேண்டியதுல வளத்தேன், வளக்கவேண்டியதுல கழுவினேன். ராத்திரி பூரா அமிலத்துல கிடந்திருக்கு. அஞ்சும்." நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னாள். "வயசுனாலயும் போயிருக்கலாம். அப்படிச் சொல்லிடலாம்தான். ஆனா என்னாலதான் போயிருக்கும். காலையில பாத்ததும் சரியான கரைசலுக்கு மாத்திட்டேன். அதுக்குள்ள நாலு போயிடுச்சு."

கை விலகியது. உதறவில்லை, இழுக்கவில்லை, விரல் விரலாகக் கழன்று போனது. தையல்காரர் எழுந்து நின்றார். மடியிலிருந்த பை கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

"வேணும்னே பண்ணீங்களா?" நாத்தனார் கேட்டாள். ரகசியம் மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"நான் எப்படி நம்பறது?"

"எப்படி நம்பறதுன்னு எனக்கும் தெரியல."

"நாலு" என்றாள் நாத்தனார். "நாலு பேரு." அதற்குமேல் அவளுக்கு நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நேற்று ஊசியால் முட்டை எடுத்த வலி இன்னும் அங்கே இருந்திருக்கும். தையல்காரர் ஒரு கையை அவள் முதுகில் வைத்தார், அவள் தோளைக் குலுக்கி அதைத் தள்ளிவிட்டாள். லேப் அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். நின்றபடியே அழுதாள், சத்தமில்லாமல், மூக்கைக்கூடச் சிந்தாமல்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போலீசுக்குப் போறதா இருந்தாலும் போ. நான் எழுதிக் கொடுக்கறேன்" என்றாள் கடைசியில். "இனிமே உன்னோடதை நான் தொடமாட்டேன். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க, நல்லாப் பாப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்றேன்."

நாத்தனார் தலையைத் தூக்கினாள். "அந்த ஒண்ணு உசிரோட இருக்கா?"

"இருக்கு. நாளைக்குக் காலையில ரெண்டாப் பிரியணும். பிரியுமான்னு தெரியாது."

"சாயங்காலம் வரைக்கும் அதை யாரு பாத்துக்குவா?"

லேப் அக்கா ஆய்வகக் கதவுப் பக்கம் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் அந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"கேக்கறேன்ல? யாரு பாத்துக்குவா?"

"யாரும் இல்ல."

"அப்ப இங்க நின்னு எதுக்கு அழறீங்க?" இப்போதுதான் அந்தத் தொண்டை திறந்தது. நடைபாதை முழுக்க எதிரொலித்தது, தூரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உங்களை என்னால மன்னிக்க முடியாது. இன்னைக்கும் முடியாது, அது பொறந்து வளந்து கல்யாணம் ஆனாலும் முடியாது. ஆனா உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல. கண்ணைத் தொடைங்க. அழுதுகிட்டு அதைத் தொடாதீங்க. போங்க உள்ள!"

லேப் அக்கா போனாள். முகத்தைக் கழுவினாள், கையை முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், புதுக் கவசம் எடுத்துக் கட்டிக்கொண்டாள். இன்குபேட்டரின் வாயு அளவைப் பார்த்தாள். ஆறு. சூட்டைப் பார்த்தாள். முப்பத்தேழு. குழியிலிருந்த கருவை எண்ணெய் மூடிய புதுத் தட்டுக்கு மாற்ற இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அந்தத் தட்டுக்கு வேண்டிய பாட்டிலை எடுத்து, லேபிளை ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டு வாசித்தாள்.

கதவுக்கு வெளியே, தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. நடைபாதை நெடுகிலும் இழுத்துக்கொண்டு வந்து, ஆய்வகக் கதவை ஒட்டிப் போட்டார்கள். அதில் யாரோ பாரமாக உட்கார்ந்தார்கள்.